சின்ன பைக்கின் டயர்: புதிதாக ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

125 சிசி, 150 சிசி, 250 சிசி என்று முதல் பைக்கை எடுத்தவர்கள் எஞ்சின் ஆயில், மைலேஜ், செயின் எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். டயரைப் பற்றி மட்டும், பஞ்சரான அன்றைக்குத்தான் கேட்பார்கள். வண்டி தரையைத் தொடும் இடம் ஒரு டயருக்கு உங்கள் உள்ளங்கை அளவுகூட இருக்காது. பிரேக் பிடிப்பதும் வளைவில் சாய்வதும் மழையில் தப்பிப்பதும் அந்த இரண்டு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

புது வண்டி எடுத்திருக்கிறேன். டயர் விஷயத்தில் முதலில் என்ன வாங்க வேண்டும்?

காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று, உங்களுக்கே சொந்தமாக. பேனா மாதிரி இருப்பது, முள் வைத்தது, டிஜிட்டல் என்று மூன்று வகை உண்டு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும். காற்று பிடிக்கும் இடங்களில் உள்ள மீட்டர்களை நம்பாதீர்கள். ஒரே டயரை இரண்டு இடங்களில் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வித்தியாசம் காட்டும். உங்கள் கேஜிலும் சிறு பிழை இருக்கலாம். ஆனால் எப்போதும் அதே கேஜில் பார்த்தால், போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வேண்டிய தகவல் அதுதான்.

எந்த பிராண்ட் நல்லது, எந்தப் பட்டன் (டயரின் மேல் உள்ள கட்டைகளும் பள்ளங்களும்) நல்லது என்று மணிக்கணக்கில் விசாரிப்பவர்களின் வண்டியைத் தொட்டுப் பார்த்தால் பாதிக் காற்றுதான் இருக்கும். உலகத்திலேயே சிறந்த டயரும் காற்றில்லாமல் வெறும் ரப்பர்தான். வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று.

எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? டயரின் பக்கவாட்டில் ஒரு எண் இருக்கிறதே, அதுவா?

அது இல்லை. பக்கவாட்டில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பது, அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்கும்போது வைக்க வேண்டிய அல்லது தாண்டக் கூடாத அழுத்தம். அதே டயர் பத்து விதமான வண்டிகளில் மாட்டப்படும். உங்கள் வண்டியின் எடை அதற்குத் தெரியாது. உங்களுக்கான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் கவரிலோ ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பார்கள். சின்ன வண்டிகளில் முன்னே 25 முதல் 29, பின்னே 28 முதல் 33 பி.எஸ்.ஐ. என்ற வாக்கில்தான் வரும். இருந்தாலும் உத்தேசமாக வைக்காமல் ஸ்டிக்கரைப் பார்த்து வையுங்கள். சில கையேடுகளில் பார் என்ற அலகில் இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

எப்போது பார்க்க வேண்டும்?

வாரம் ஒரு முறை, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன். ஓட்டி வந்த டயர் சூடாக இருக்கும். உள்ளே காற்று விரிந்து அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதைப் பார்த்து 'ஐயோ, அதிகமாகிவிட்டதே' என்று காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் குறைவில் போய் நிற்கும். கையேட்டில் உள்ள எண், ஆறிய டயருக்கான எண். குறைந்தது மூன்று மணி நேரம் வண்டி நின்றிருக்க வேண்டும், வெயில் ஒரு பக்க டயரில் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பருவம் மாறினாலும் அழுத்தம் மாறும். வெளியே 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். அது போக, பழுதே இல்லாத டயரிலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மூன்று மாதம் பார்க்காமல் விட்டால், ஆணியே குத்தாமல் உங்கள் டயர் ஆபத்தான அளவுக்கு வந்திருக்கும்.

ஹேண்டில் பாரமாக இருக்கிறது, வளைவில் வண்டி உள்பக்கம் விழுவதுபோல இருக்கிறது. கோன் செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்) போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் முன் டயரின் காற்றைப் பாருங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

என் முதல் வண்டி, பழைய 125 சிசி. சில வாரம் ஓட்டாமல் வைத்திருந்து எடுத்த நாள், திருப்பத்தில் ஹேண்டில் மாவு பிசைவதுபோல இருந்தது. கோன் செட்தான் என்று முடிவுகட்டி, ஒரு விடுமுறை நாள் முழுக்கச் செலவழித்து முன் ஃபோர்க்கையே இறக்கினேன். பந்துகளில் ஒரு சொட்டைகூட இல்லை. புது கிரீஸ் வைத்து எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினால், அதே பாரம். கடைசியில்தான் கேஜை வைத்தேன். 25 இருக்க வேண்டிய இடத்தில் 14.

காற்று பிடித்தேன், வண்டி பழையபடி இலகுவானது. மறுநாள் பார்த்தால் மறுபடி 19. அப்போதுதான் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். கடுகு அளவில் ஒரு குமிழி எழுந்தது, உடைந்தது, இன்னொன்று எழுந்தது. வால்வு பின் கால் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இறுக்கியதும் குமிழி நின்றது. வால்வு மூடி தொலைந்துபோயிருந்ததால் உள்ளே மண் புகுந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அந்தச் சின்ன மூடி தூசியைத் தடுக்கிறது, உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடி கசிவையும் தடுக்கும் இரண்டாவது பூட்டு. தொலைந்தால் அன்றைக்கே ஒன்று போட்டுவிடுங்கள்.

பின்னால் ஒருவரை ஏற்றினால் காற்றைக் கூட்ட வேண்டுமா?

பெரும்பாலும் பின் டயரில் கூட்ட வேண்டும். ஸ்டிக்கரில் ஒருவருக்கு ஒரு எண், இருவருக்கு இன்னொரு எண் இருக்கும். நாலு பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் வரலாம். ஆனால் வண்டியில் ஒருவரை ஏற்றுவதையே, ஓட்டப் பழகி உடம்புக்கு நம்பிக்கை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் 100/80-17 52பி என்று போட்டிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

100 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது உயரம். அகலத்தில் 80 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம் 80 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் சிறு கோடு இருந்தால் பொதுவாகக் குறுக்கு இழை டயர், அதாவது உள் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது. அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல், அதாவது இழைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடுவது.

52 என்பது சுமைக் குறியீடு. அது கிலோ கணக்கு இல்லை, ஒரு அட்டவணையின் வரிசை எண். 42 என்றால் 150 கிலோ, 52 என்றால் 200 கிலோ. கடைசியில் உள்ள எழுத்து வேகத்துக்கு. பெட்ரோலுக்கு வருகிற பி என்றால் மணிக்கு 150 கி.மீ., எஸ் என்றால் 180, எச் என்றால் 210. புது டயர் வாங்கும்போது இந்த இரண்டும் பழையதைவிடக் கூட இருக்கலாம், குறையக் கூடாது.

பழைய பாணி வண்டிகளில் 2.75-18 என்று இருக்கும். அங்கே அகலமும் அங்குலத்தில்தான். உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டில் ஒரு அம்புக்குறியும் இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசை அது. டயர் மாற்றி வாங்கும்போது அம்பு சரியான பக்கம் பார்க்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தலைகீழாக மாட்டிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் அகலமான டயர் போட்டால் கிரிப் கூடுமா? பார்க்கவும் நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். என் பதில்: போடாதீர்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும்.

காரணம் ரிம்மில் இருக்கிறது. 100/80-17 டயருக்கு ரிம்மின் உள்ளகலம் சுமார் 2.5 அங்குலம் வேண்டும். 130/70-17 டயருக்கு 3.5 அங்குலம் வேண்டும். 2.5 அங்குல ரிம்மில் 130 டயரைத் திணித்தால் அதன் இரண்டு ஓரங்களும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பாக எழும்பும். நேராக ஓடும்போது தரையைத் தொடும் பரப்பு குறையும். வளைவில் சாய்க்கும்போது அந்தக் கூம்பிலிருந்து ஓரத்துக்கு வண்டி சட்டென்று விழும். கிரிப்புக்காகப் பணம் கொடுத்து, இருந்த கிரிப்பையும் இழப்பீர்கள்.

அகலம் சிறிது கூடினாலும் கணக்கு எப்படி மாறுகிறது என்று போட்டுப் பாருங்கள். 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. 100/80 டயரில் மேலும் கீழும் 80 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 591.8. 110/80 போட்டால் இரண்டு பக்கமும் 88, ஆக 607.8. டயர் சுற்றிலும் 8 மி.மீ. உயர்ந்து, பக்கவாட்டில் இரு புறமும் 5 மி.மீ. அகன்றுவிட்டது. மட்கார்டுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் செயினுக்கும் நடுவில் அந்த இடம் இருக்கிறதா? நின்றிருக்கும்போது இருக்கும், இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது இருக்குமா? சுற்றளவும் கிட்டத்தட்ட 2.7 சதவீதம் கூடிவிடும். அந்தச் சக்கரத்திலிருந்து வேகத்தைக் கணக்கெடுக்கும் வண்டியாக இருந்தால், உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள பல வண்டிகள் முன் சக்கர வேகத்தையும் பின் சக்கர வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்கின்றன. அந்தக் கணக்கில் நாம் கை வைக்கக் கூடாது.

ஹோண்டாவின் சிபிஆர் 125 ஆர் ஆரம்பத்தில் முன்னே 80/90-17, பின்னே 100/80-17 டயர்களோடு வந்தது. 2011இல் அதை 100/80, 130/70 என்று அகலப்படுத்தியபோது ரிம்மையும் சேர்த்தே அகலப்படுத்தினார்கள். வண்டி செய்தவர்களே ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றவில்லை.

ஒல்லியான டயர் ஒரு குறையும் இல்லை. சின்ன வண்டி இலகுவாகத் திரும்புவதற்கும், நெரிசலில் சொன்னபடி கேட்பதற்கும் அதுதான் காரணம். கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிய வரம்.

எந்த மாதிரி டயர் வாங்கலாம்? பட்டன் பெரிதாக இருப்பது நல்லதா?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தார்ச்சாலையிலேயே ஓட்டுகிறவருக்குப் பெரிய கட்டை கட்டையான பட்டன் தேவையில்லை. தரையைத் தொடும் ரப்பர் குறைந்து, ஈரச்சாலையில் பிரேக் தூரம் கூடும், சத்தமும் வரும். மண் பாதையும் சரளையும் பாதிக்குப் பாதி இருந்தால், இரண்டுக்கும் பொதுவான டயர் எடுங்கள்.

ரப்பரின் தன்மையில் ஒரு பேரம் இருக்கிறது. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், குளிரிலும் ஈரத்திலும் கொஞ்சம் வழுக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது, ஈரச்சாலைப் பிடிப்பில் நல்ல பெயர் உள்ள டூரிங் வகை (நீண்ட பயணத்துக்கான) டயர். பந்தய வகை டயர் வேண்டாம். அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், சாதாரண ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வண்டியோடு வந்த அதே அளவில் அப்படி ஒரு டயர் எடுத்தால், பழைய கடின டயரிலிருந்து மாறும் வித்தியாசம் முதல் மழையிலேயே உங்களுக்குத் தெரியும்.

டியூப், டியூப்லெஸ்: எது?

உங்கள் ரிம் எதற்குச் செய்யப்பட்டதோ அது. ஸ்போக் வீல்களில் பெரும்பாலும் டியூப்தான். ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று போய்விடும். அலாய் வீல்களில் பெரும்பாலும் டியூப்லெஸ். ரிம்மிலோ டயரிலோ எழுதியிருக்கும்.

வித்தியாசம் ஆணி குத்தும்போது தெரியும். டியூப்லெஸ் டயரில் ஆணி அப்படியே அடைப்பாக இருந்து காற்று மெல்ல இறங்கும். டியூபில் குத்தினால் கிழிசல் பெரிதாகி நிமிடத்தில் தட்டையாகலாம். ஸ்போக் வண்டி ஓட்டுகிறவர்கள் டயர் மாற்றும்போது டியூபையும் புதிதாகவே போடுங்கள். நீண்டுபோன பழைய டியூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். டியூப்லெஸ் வைத்திருப்பவர்கள் டயரோடு ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள். பழைய வால்வின் அடிப்பகுதியை விரலால் வளைத்துப் பார்த்தால், வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்.

பின் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம். எஞ்சினின் இழுவை முழுவதும் பின் டயரில்தான் என்பதால் அது முதலில் தேய்வது இயல்பு. முன் டயர் குறுக்கு இழை, பின் டயர் ரேடியல் என்று உங்கள் இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். கையேட்டில் அனுமதித்திருந்தால் மட்டும். முடிந்தவரை இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

எப்போது டயரை மாற்ற வேண்டும்? கிலோமீட்டர் கணக்கு உண்டா?

கிலோமீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே டயர் ஒருவரிடம் இரண்டு மடங்கு உழைக்கும். டயரையே பார்க்க வேண்டும்.

டயரின் ஓரத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால், அடியில் ஒரு சின்ன மேடு தெரியும். தேய்மானத்தைக் காட்டும் மேடு அது. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படி எத்தனை மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் 2 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவேன். அதற்குக் கீழே வெயில் காலத்தில் ஓடும், மழையில் தண்ணீரை வெளியே தள்ளாது. ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். நடுவிலும் இரு ஓரங்களிலும், சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள்.

அடுத்து, கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, கையுறை மாட்டி, முன் டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் மெல்லத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பத்தின் பல்லைப் போலத் தட்டினால், பட்டன்கள் சாய்வாகத் தேய்கின்றன என்று பொருள். லேசாக இருந்தால் பயமில்லை, எல்லா முன் டயரிலும் வரும். கை துள்ளுகிற அளவுக்கு இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. பின் டயரில் வேறு கதை. நேர்ச்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் தட்டையாகி, வட்டமாக இருந்த முகம் சதுரமாகிவிடும். பின்னால் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே அந்தத் தட்டை தெரியும். அப்படியான டயரில் வண்டி சாயத் தயங்கும், பிறகு ஒரு விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று சாயும். பள்ளம் மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடலாம்.

நடுவில் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் காற்று அதிகமா என்றும், இரண்டு தோள்களிலும் தேய்ந்தால் காற்று குறைவா என்றும் பாருங்கள். பக்கச்சுவரில் எலுமிச்சை மாதிரி ஒரு புடைப்பு இருந்தால், உள்ளே இழை அறுந்துவிட்டது. நடைபாதை விளிம்பிலோ பள்ளத்திலோ மோதியதால் வருவது. அந்த டயரில் கடைவரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

பட்டன் புதிதாக இருக்கிறது, ஆனால் டயருக்கு வயதாகிவிட்டது. ஓட்டலாமா?

புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வண்டிதான் வாங்குகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசியில், சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கத்தில் செய்த டயர். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000க்கு முந்தையது. அது பட்டன் எப்படி இருந்தாலும் குப்பைக்குத்தான்.

ரப்பர் ஓடாமலே முதிர்கிறது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அதைக் கடினமாக்குகின்றன. ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடத்தைத் தாண்டியது எப்படிப் பளபளத்தாலும் மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் தலைமுடி அளவு வெடிப்புகள் வாய் திறக்கின்றனவா? நகத்தால் அழுத்தினால் தடம் விழாமல் பிளாஸ்டிக் போல இருக்கிறதா? இருந்தால், வண்டியின் விலை பேசும்போதே இரண்டு டயரின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

புது டயர் போட்டால் முதலில் வழுக்கும் என்கிறார்களே?

உண்மைதான். புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த மழமழப்போடு இருக்கும். முதல் 150 கி.மீ. அளவுக்கு நிதானமாக ஓட்டுங்கள். எடுத்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்காமல், திடீர் பிரேக் இல்லாமல், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். நேராகவே 150 கி.மீ. ஓட்டிவிட்டு அடுத்த வளைவில் முழுதாகச் சாய்த்தால், ஓரம் அப்போதும் பளபளவென்று புதிதாகத்தான் இருக்கும். சீக்கிரம் தயாராகட்டும் என்று உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்ரோல் போட்டுத் துடைப்பது இரண்டும் வேண்டாம். பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும்.

டயரில் ஆணி தெரிகிறது. பிடுங்கிவிடவா?

நடுச்சாலையில் பிடுங்காதீர்கள். அதுதான் இப்போது அடைப்பு. பட்டனில் குத்திய கல்லாகவும் இருக்கலாம். எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

டியூப்லெஸ் டயரில் நடுப்பகுதியில் குத்திய சின்ன ஓட்டைக்கு ஸ்ட்ரிப் போடலாம். வெளியிலிருந்து செருகும் ஸ்ட்ரிப்பை, வீடு போய்ச் சேர உதவும் ஏற்பாடாகத்தான் நான் பார்க்கிறேன். டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் வடிவ பேட்ச் வைப்பதுதான் முறையான வேலை. அப்போதுதான் காற்றில்லாமல் ஓடி உள்ளே இழை நசுங்கியிருக்கிறதா என்பதும் தெரியும். ஓரத்திலோ பக்கச்சுவரிலோ குத்தியிருந்தால் எந்த ஒட்டும் வேண்டாம், டயரை மாற்றுங்கள். சாய்க்கும்போது வளைந்து நெளிகிற இடம் அது.

நைட்ரஜன் போடலாமா?

போடலாம், அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றைக்கு உள்ளே இருந்த அதே காற்று இன்றைக்கும் போதும். நைட்ரஜன் போட்டுவிட்டோம் என்று வாராவாரம் பார்ப்பதை விட்டுவிட்டால்தான் ஆபத்து.

டயர் பளபளப்பாக இருக்க பாலிஷ் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். காரின் டயரில் பக்கச்சுவர் தரையைத் தொடாது. பைக் சாயும்போது ஓரம்வரை தரையில் படும். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் நீங்கள் விழுவீர்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். செயினுக்கு ஆயில் அடிக்கும்போது பின் டயரில் தெறிக்காமல் ஒரு அட்டையை நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழையில் டயரை எவ்வளவு நம்பலாம்?

நல்ல பட்டனும் சரியான காற்றும் இருந்தால், பயப்படுவதைவிட அதிகமாகவே நம்பலாம். மழைக்காகக் காற்றை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. காற்று குறைந்தால் பள்ளங்கள் நெருங்கிக்கொண்டு தண்ணீர் வெளியேற வழி குறையும். நம்பக் கூடாதவை சாலையில் இருக்கின்றன: வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், ஈர இலை, சிந்திய டீசல், மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் மேலெழும் எண்ணெய்ப் படலம். அவற்றின் மேல் வண்டி நிமிர்ந்து, பிரேக் இல்லாமல் கடக்கட்டும்.

இரண்டு மூன்று மாதம் ஓட்டப்போவதில்லை. என்ன செய்ய?

நடு ஸ்டாண்டில் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கால் சக்கரம் நகர்த்தி வையுங்கள், ஒரே இடம் அழுந்தாமல் இருக்கும். வெயில் படாத இடம் நல்லது.

டயர் மாற்றி வண்டி கைக்கு வந்தது. உடனே ஓட்டலாமா?

ஏறுவதற்கு முன் பிரேக்கைப் பல முறை அழுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது டிஸ்க் பிரேக்கின் பேட்கள் விலகியிருக்கலாம். முதல் அழுத்தில் லிவர் வெறுமையாக ஹேண்டில்வரை வந்துவிடும். சாலையில் இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது பயங்கரமான அனுபவம். பிறகு ஆக்சில் நட், செயினின் தொய்வு, செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் உள்ளனவா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய வட்டக் கோட்டைக் கவனியுங்கள். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருந்தால் டயர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. சுற்றும்போது அந்தக் கோடு ஏறி இறங்கினால், திருப்பிக் கொடுத்து மறுபடி உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று போய்விட்டால்?

முன் டயர் என்றால் ஹேண்டில் திடீரென்று பாரமாகும், ஆடும். பின் டயர் என்றால் வண்டியின் வால் இரு பக்கமும் அலையும். இரண்டிலும் முதல் வேலை ஆக்சிலரேட்டரை மெல்ல விடுவது. ஹேண்டிலை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பிரேக் தேவைப்பட்டால் காற்று இருக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் இலேசாகப் பிடியுங்கள். தட்டையான டயரில் பிரேக் பிடித்தால் அது ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். கியரைச் சட்டென்று இறக்காமல், வேகம் தானாகக் குறையும்வரை நேராகவே போய், முழுக்க மெதுவான பிறகு ஓரம் கட்டுங்கள்.